முப்பத்தொன்றாம் வரி

இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்ல பழக்கம். எங்கள் டூவூம்பா ஊரில் எல்லோரும் அப்படித்தான். நவம்பரில் கோடை பிறந்துவிட்டால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மேற்கே வானம் கறுக்கும். முதல் உறுமல் கேட்டதுமே வீட்டுக்கு வீடு டிவி, டெலிபோன், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றிவிடுவோம். அவசரத்தில் கெட்டிலையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, டீ இல்லாமல் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

உங்கள் ஒலிப்பதிவுக் கருவி பேட்டரியில்தானே ஓடுகிறது? நல்லது, சார்ஜென்ட். இன்றைக்கும் மழை வரும்போலத்தான் இருக்கிறது. பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். ரஸலுக்காகச் செய்தது. அவன் நாலு மணிக்கு வருவான், அதற்குள் நாம் பேசி முடித்துவிடலாம்.

பெயர் நோலீன் ட்ராஸ்க், வயது அறுபத்தெட்டு. கல்யாணத்துக்கு முன்னால் நோலீன் கியரி. பால்பண்ணைக் கூட்டுறவில் பதினோரு வருடம் தட்டச்சு செய்தேன். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள், எனக்குப் பிடித்துப்போயிற்று. கணவர் லெஸ் காலமான பிறகு பின்பக்க வராந்தாவை அடைத்து அறையாக்கி, சின்னச் சின்னத் தொழில் செய்பவர்களின் கெட்டுப்போன டேட்டாபேஸ்களைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மாட்டு டாக்டர் வருவார், பியானோ சுருதி சேர்ப்பவர் வருவார், கிளி வளர்த்து விற்கும் ஒரு அம்மாள் வருவார். எல்லோரும் கம்ப்யூட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, “எல்லாம் போச்சு” என்பார்கள்.

எல்லாம் போவதே இல்லை. இதை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். அந்தக் காலத்து மென்பொருளில் ஒரு வரியை அழி என்று சொன்னால் அது அழிக்காது. “இது இல்லாதது” என்று வரியின் தலையில் ஒரு குறி போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். ஃபைலைச் சுருக்கு என்று என்றைக்கு நாம் கட்டளை கொடுக்கிறோமோ அன்றைக்குத்தான் குறிபோட்ட வரிகளையெல்லாம் நிஜமாகவே தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை நெருக்கி அடுக்கும்.

சுருக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ஃபைல் திறக்காது. உனா பெல்லிங் பிடுங்கினார்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம், ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கம்ப்யூட்டரைக் குளியல் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. நேராக நிமிர்ந்த நடை, நன்றாகத் தேய்த்த சட்டை.

“உன்னைத்தான் நம்பி வந்திருக்கேன், கண்ணு. ஃபைல் ரொம்பப் பெருத்துப்போச்சு, சுருக்குங்க அத்தைன்னு எங்க அண்ணன் பையன் போன்ல சொன்னான். பத்து வருஷத்துல நான் அதைச் செஞ்சதே இல்ல. சரி, சொல்றானேன்னு அமுக்கினேன். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு, இடி இடிச்சிச்சு, நான் என்ன பண்ணுவேன்?”

“பிளக்கைப் பிடுங்கிட்டீங்க.”

“வேற என்ன பண்ண? வீடு எரியட்டும்னு பாத்துக்கிட்டு இருப்பாங்களா?”

துண்டை அவர் பிரித்தபோது வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில், சதையான இடத்தில், அரை வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு. என் பற்களின் தழும்பு அது.

சொல்கிறேன். அறுபத்தெட்டாம் வருடம் ஜூலையில் எனக்குப் பதினேழு வயது. மலைச்சரிவின் மேலே, கல்யாணமாகாமல் பிள்ளை உண்டானவர்களுக்கென்று ஒரு இல்லம் இருந்தது. அப்பா என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, வண்டியை அணைக்காமலேயே திரும்பிப் போனார். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் இதே உனாதான், அன்றைக்கு எங்களுக்குச் சிஸ்டர் பெல்லிங். பிரசவத்தின்போது என் முகத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டால் விட மனசு வராது என்று அங்கே அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தலையணையைப் பிடித்த கை என் வாய்க்கு அருகில் இருந்தது. கடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. அவன் ஒரே ஒரு முறை தும்மினான், பிறகு கதவு சாத்தப்பட்டது. என் மகனைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தத் தும்மல் ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் கையில் கட்டோடு வந்து பேனாவைக் கொடுத்தார். கோபமே இல்லை அவருக்கு. “கையெழுத்துப் போடும்மா நோலீன். நல்ல வீடா பாத்து வெச்சிருக்கேன், அவனுக்கு அங்க ஒரு குறையும் இருக்காது. நல்ல அம்மான்னா பிள்ளைக்கு எது நல்லதுன்னுதானே பாப்பா? கொஞ்ச நாள் வலிக்கும், அப்புறம் பழகிடும்” என்றார்.

போட்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பழகவும் இல்லை.

அந்த இல்லத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அரசாங்கத்திடம் உண்மையான தாள் கிடையாது. வளர்க்கப் போகிறவர்கள் பெற்றதாகவே பதிந்துவிடுவார்கள், தேதியையும் நாலு வாரம் முன்னே பின்னே மாற்றி. யாருக்கு யார் பிறந்தது என்று உண்மை சொல்லும் பேரேடு ஒன்றே ஒன்று. இல்லத்தை மூடியபோது சிஸ்டர் அதைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருபது வருடம் கழித்து அவருக்கு மனசு உறுத்தியதோ, அல்லது ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லையோ, தெரியாது. உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: பிள்ளையைத் தேடும் தாய்மார்களும் தாயைத் தேடும் பிள்ளைகளும் எனக்கு எழுதுங்கள். பேரேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். தாய்மார்கள் ஒரு பட்டியல், பிள்ளைகள் ஒரு பட்டியல், எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை என்று எண்களை இணைக்கும் மூன்றாவது பட்டியல் ஒன்று. ஏற்றி முடித்ததும் பேரேட்டைப் பின்கட்டில் குப்பை எரிக்கும் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார், வேறு யார் கையிலும் சிக்கக் கூடாது என்று. வருடத்துக்கு நாலு ஜோடி, அதற்கு மேல் இல்லை. இரண்டு பக்கமும் பேசி மனசைத் தயார்செய்து, தம் வீட்டிலேயே காலை டீ விருந்து வைத்துச் சேர்த்துவைப்பார். ஊரே அவரைப் புகழ்ந்தது. நகரசபையில் ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

நானும் எழுதினேன், தொண்ணூற்று நாலில். நோலீன் கியரி என்ற பழைய பெயரில், தபால்பெட்டி எண் போட்டு. ஒரு வாரத்தில் பதில் வந்தது, அழகான கையெழுத்தில். “மிகவும் வருந்துகிறேன். தங்கள் குழந்தையைப் பற்றி எந்தத் தடயமும் கிடைக்கவில்லை.” நான் நம்பினேன்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் என் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் இல்லை. ஆசைதான் இருந்தது. இந்த ஃபைலுக்குள் என் மகன் எங்கேயாவது ஒரு மூலையில் இருப்பான், இந்த அம்மாளுக்கு வயதாகிவிட்டது, கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நினைத்தேன்.

“முப்பத்தாறு ஜோடி இன்னும் பாக்கி இருக்கு, கண்ணு. எனக்குப் பேரெல்லாம் இப்ப ஞாபகத்துல நிக்கிறதில்ல. எல்லாம் அதுக்குள்ளதான். அது போச்சுன்னா அத்தனை பேருக்கும் நான் என்ன பதில் சொல்லுவேன்?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுவரில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, “உனக்குப் பிள்ளைங்க?” என்று கேட்டார்.

“இல்ல.”

“போகட்டும். சிலபேருக்கு அதுவும் நல்லதுதான்.”

எட்டு நாள் வேலை செய்தேன், நேர்மையாகச் செய்தேன். ஃபைலின் தலைப்பகுதி முழுக்கச் சிதைந்திருந்தது. உள்ளே எந்தப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லும் இடமே போய்விட்டது. முதலில் அதை நகல் எடுத்துக்கொண்டு, நகலைப் பக்கம் பக்கமாகத் திறந்து, எண்களாகவும் எழுத்துகளாகவும் கண்ணால் படித்து, பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும். பெயர்கள் முதலில் வந்தன. பிறகு முகவரிகள். இணைப்புப் பட்டியல் கடைசியாக வந்தது. எட்டாம் நாள் சாயங்காலம் முப்பத்தாறு ஜோடியும் சேதமில்லாமல் என் கையில் இருந்தன. அவற்றில் நான் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை, வழக்கமாக எல்லா ஃபைலுக்கும் செய்வதுபோல, அழித்ததாகக் குறிபோட்ட வரிகளையும் ஒரு பார்வை பார்த்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. முப்பத்தொன்றாம் வரி.

தாய்: நோலீன் கியரி, பதினேழு. பிள்ளை: ஆண், வளர்ப்புப் பெயர் கிரெய்க், ஊர் டவுன்ஸ்வில். அதற்கு நேரே குறிப்பு. வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறேன், மறக்கவில்லை. “1994, தாயிடமிருந்து கடிதம். தடயம் இல்லை என்று பதில். 1995, மகனிடமிருந்து கடிதம். தடயம் இல்லை என்று பதில். 1996, மகனிடமிருந்து மறுபடி கடிதம். அதே பதில். இந்தத் தாய் கடிக்கிற ரகம், சேர்த்துவைக்க ஏற்றவள் அல்ல. 1998, மகன் நெடுஞ்சாலை விபத்தில் இறந்ததாகத் தகவல். முடிந்தது.” அதற்குப் பிறகு அந்த வரியை அழித்திருக்கிறார். கணக்கில் அசிங்கமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இடி ஒரு கால் மணி நேரம் தாமதித்திருந்தால் சுருக்கும் வேலை முடிந்திருக்கும். முப்பத்தொன்றாம் வரி உண்மையாகவே போயிருக்கும். என் மகன் எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே நான் செத்துப்போயிருப்பேன். அன்றைக்கு நான் அழவில்லை. அவன் இரண்டு முறை எழுதியிருக்கிறான் என்பதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருமுறை பதில் வந்த பிறகும் மறுபடி எழுதியிருக்கிறான். பிடிவாதக்காரன், என்னைப் போல.

பழிவாங்கல் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த அம்மாளை நான் வெறுத்தேன். அவரை அடிக்கவோ விஷம் வைக்கவோ எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு இந்த உலகத்தில் பெருமையாக இருந்தது ஒன்றே ஒன்று, அது என் மேஜைமேல் இருந்தது. நான் செய்ய வேண்டியிருந்தது மூன்றாவது பட்டியலில் சில எண்களை மாற்றுவது மட்டும்.

அலட்சியமாகச் செய்தேன் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. மகனைப் பெற்றவளுக்கு மகனையே கொடுத்தேன், மகளைப் பெற்றவளுக்கு மகளை. வருடம் ஒத்துவர வேண்டும். தேதிதான் அவர்களே மாற்றி எழுதியதாயிற்றே, அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. செம்பட்டை முடி என்று எழுதியிருந்த ஒருத்திக்குச் செம்பட்டை முடிக்காரன் ஒருவனையே தேடிப் பிடித்தேன். நாலு நாள் ஆயிற்று. உண்மையான ஜோடிகளை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். முப்பத்தொன்றாம் வரிக்கு மறுபடி உயிர் கொடுத்தேன். குறிப்பை எடுத்துவிட்டு, நோலீன் கியரி என்ற பெயருக்கு நேராக உயிரோடிருக்கும் ஒரு மகனின் எண்ணைப் போட்டேன்.

அவன்தான் ரஸல்.

இப்போது தாய்மார்கள் முப்பத்தேழு பேர், பிள்ளைகள் முப்பத்தாறு. ஒருத்திக்கு மட்டும் பிள்ளை இல்லாமல் போகும். அதைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை. டால்பியில் இருக்கும் பெவ் ஹாலம் என்பவளின் பெயருக்கு நேராக, “தடயம் இல்லை” என்று போட்டேன்.

உனா பெல்லிங் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப்போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மறுநாள் பேஷன்பழ கேக் ஒன்று செய்து கொண்டுவந்தார். நல்ல கேக், அதைச் சொல்ல வேண்டும். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“கண்ணு, ஒரு சந்தேகம். அழிச்சது எதாவது தானா திரும்பி வருமா?”

“சில சமயம் வரும். ஏன், நீங்க எதையாவது அழிச்சிருந்தீங்களா?”

“இல்லியே” என்றார்.

“அப்ப இருக்கறதெல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

“அது சரி. ஆனா ஒரு பையன்... செத்துப்போயிட்டான்னு எனக்கு ஒரு ஞாபகம். இதுல உயிரோட இருக்கான், முகவரியெல்லாம் இருக்கு. பேருகூட வேற.”

“வயசாகுதுல்ல. எனக்கே இப்பல்லாம் குழம்புது” என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தம் ஞாபகத்தை அவர் நம்பவே இல்லை. எது கேட்டாலும் “கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதான்” என்பார். ஏப்ரலில், நோலீன் கியரியின் பழைய தபால்பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு, மகன் கிடைத்துவிட்டான் என்று எழுதியிருந்தார். நான் என் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதில் போட்டேன். தெரிந்த முகவரியாக இருக்கிறதே என்று குழம்பிக்கொண்டுதான் வாசலில் வந்து நின்றிருப்பார்; கதவைத் திறந்தது நானேதான் என்று பார்த்ததும் அந்தக் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

“நீயா?”

“நான்தான். உள்ள வாங்க, டீ போடறேன்.”

“நீ சொல்லவே இல்லியே, நோலீன். என் வீட்டு ஃபைலையே உன்கிட்டக் குடுத்தேனே.”

“நீங்க கேக்கலியே.”

உட்காரவே பயந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் விஷயத்துல நான் தப்புப் பண்ணிட்டேன். கடவுளாப் பாத்து அந்த வரியைத் திருப்பிக் குடுத்திருக்கார்” என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதி அவருக்குக் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

ரஸல் வந்தது மே மாதம் பதினைந்தாம் தேதி. பண்ணைகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். தோள் அகலம், கூச்ச சுபாவம். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, “உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல” என்றான். “உனக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்பிடு” என்றேன். “அம்மான்னே கூப்பிடறேனே” என்றான். பிறகு தும்மினான். தூசி ஒத்துக்கொள்ளாது அவனுக்கு. அதே தும்மல்தான், சார்ஜென்ட். சிரிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு உனா வைத்த ஒவ்வொரு டீ விருந்துக்கும் நான் போனேன். தட்டு ஏந்தினேன், பாத்திரம் கழுவினேன். அந்நியர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, “மூக்கைப் பாரு, அப்படியே உன் மூக்கு” என்று அழுவதைப் பார்த்தேன். அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். இதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். முப்பத்தைந்து குடும்பத்துக்குச் சந்தோஷம் கிடைத்தது. யாருக்கும் நான் எதையும் குறைக்கவில்லை.

பெவ் ஹாலமும் வருவாள், டால்பியிலிருந்து பஸ் பிடித்து. தனக்கென்று யாரும் இல்லாவிட்டாலும் பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டி செய்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். சமையலறையில் எனக்குப் பாத்திரம் துடைத்துக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

“நோலீன், உனக்குத்தான் அந்த மெஷின் வேலையெல்லாம் தெரியுமே. என் பையனைப் பத்தி ஏதாவது ஒரு துணுக்காவது அதுல இருக்காதா?”

“நல்லாத் தேடிட்டேன் பெவ். ஒண்ணும் இல்ல.”

“அவன் பொறந்தப்ப காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருந்துச்சு. நான் பாத்துட்டேன், தலையணை கொஞ்சம் நகந்துடுச்சு. அதை வெச்சு முடியாதா?”

“மச்சமெல்லாம் அதுல எழுதி வெக்கல.”

“உனக்காவது கிடைச்சானே. சந்தோஷமா இருக்குடி” என்பாள். அப்போது ரஸல் முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பான், முதுகைக் காட்டிக்கொண்டு. அவனுக்கு முடி கொஞ்சம் நீளமாக வைத்தால்தான் அழகு. நான் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

கடைசி ஜோடி சேர்ந்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். நகரமண்டபத்தில் பெரிய கேக் வெட்டினார்கள். அடுத்த வருடம் உனா பெல்லிங்குக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுக்கப் போய்விட்டது. முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கை. காது நன்றாகக் கேட்டது, புத்தியும் தெளிவாக இருந்தது, வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகை. ஆனால் டாக்டர் சொன்னதும் நோட்டை எங்கே வைத்தேன் என்று தேடினேன்.

வியாழக்கிழமைகளில் போவேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வேன். முதல் வியாழக்கிழமை, “சிஸ்டர், அழிச்சது திரும்பி வருமான்னு கேட்டீங்களே, அதுக்கு இன்னிக்குப் பதில் சொல்றேன்” என்று ஆரம்பித்து, முப்பத்தொன்றாம் வரியின் குறிப்பை மனப்பாடமாகச் சொன்னேன். பிறகு நான் செய்ததைச் சொன்னேன். புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கண் அப்படியே என்மேல் நின்றது. அந்தக் கை போர்வையைத் தட்டத் தொடங்கியது.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு ஜோடி. ஒரு வாரத்துக்கு ஒன்றுதான், அவரும் அவசரப்படாமல்தானே செய்தார். இந்தத் தாய்க்கு உண்மையில் பிறந்தது இந்தப் பிள்ளை. நீங்கள் சேர்த்துவைத்தது வேறு. விருந்தன்று அவர்கள் இப்படி அழுதார்கள், நீங்கள் இப்படிச் சிரித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பேன். போர்வையில் கை தட்டும். செவிலிப்பெண்கள் வந்து பார்த்து, “நோலீன் வந்தா மட்டும் கை அசையுது பாருங்க. உங்களை மாதிரி ஒரு சிநேகிதி எல்லாருக்கும் கிடைக்கணும்” என்பார்கள். பட்டியல் முழுவதையும் இரண்டு முறை படித்து முடித்தேன். மூன்றாவது முறை ஒன்பதாம் ஜோடியில் இருந்தபோது அவர் இறந்துபோனார். அடக்கத்தின்போது என்னைத்தான் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒரு வேலையை அரைகுறையாக விட்டவர் இல்லை என்று பேசினேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு யாரோ ஒரு பேத்தி டிஎன்ஏ பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எச்சிலைத் துப்பி அனுப்பினால் உறவு யார் யார் என்று தாள் வருமாம். ஒரு குடும்பத்தில் ஒத்துவரவில்லை, அப்புறம் இன்னொன்றில். செத்துப்போன கிழவி குளறுபடி செய்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். பிறகு உனாவின் அண்ணன் மகன் வீட்டுப் பரணில் அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதன் முதுகில் என் ஸ்டிக்கர், பெயரும் தேதியும் போட்டு. நான் எந்த வேலையையும் பெயர் போடாமல் கொடுத்ததில்லை.

நோட்டுதானே உங்களுக்கு வேண்டும்? இதோ, பிஸ்கட் டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. முப்பத்தைந்து ஜோடி, சுத்தமான எழுத்தில். அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது, சீக்கிரம் சொல்லிவிடுங்கள். நடந்தது எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆமாம், ஒரு தாள் இல்லை. காலையில் உங்கள் போன் வந்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், நானே எல்லாவற்றையும் சொல்லியும் விட்டேன். ஒரு வரிதான், சார்ஜென்ட். இதை மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டுவிடலாம். அந்தக் கருவியில் இந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம்.

அதோ, லாரிச் சத்தம். தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். மாம்பழம் கொண்டுவருவான், இது சீசன். அவன் பெண்கள் இரண்டு பேரும் என்னைத்தான் பாட்டி என்கிறார்கள். பெவ்வுக்கு எழுபது வயது ஆகிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, அவளுக்குப் பழகியிருக்கும். இனிமேல் போய்ச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? அவனுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நல்ல அம்மா என்றால் பிள்ளைக்கு எது நல்லது என்றுதானே பார்ப்பாள்?